‘தொடரும்’ போடாத திரை

அளவாகச் சிரி, அளவாகச் சாப்பிடு, அளவாகப் பேசு. இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்காமல் வளர்ந்த பெண்ணை நான் இதுவரை சந்தித்ததில்லை. அதனாலேயே ‘ரீல்ஸ் எல்லாம் அளவோட பாக்கணும்’ என்று யாராவது ஆரம்பித்தால், அறிவுரை சரியா தப்பா என்று யோசிப்பதற்கு முன்னால் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார்?

எங்கள் வீட்டில் சொன்னவர் அண்ணன். கடல் தாண்டி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவார். “அம்மா கையிலேர்ந்து அந்த போனை மொதல்ல வாங்கி வை. இந்த வயசுல எதுக்கு அதெல்லாம்?” என்றார். அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவரைப் பற்றித்தான் பேச்சு. அவரிடம் யாரும் பேசவில்லை.

அண்ணன் கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு 76 வயது. நங்கநல்லூருக்குக் குடிவந்த புதிதில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு தென்னை, வாசலில் உட்கார ஒரு சிமென்ட் மேடை இருந்ததாகச் சொல்வார். மாலையானால் தெருப் பெண்கள் அங்கேதான். இப்போது தனி வீடுகளெல்லாம் இடிந்து ஃபிளாட்டுகளாகிவிட்டன. தரைத்தளம் முழுக்க கார்கள் நிற்கின்றன, மனிதர் உட்கார இடமில்லை. சிநேகிதிகளில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேரில் பலர் உயிரோடு இல்லை. முழங்கால் ஆபரேஷனுக்கு முன்புவரை விடிகாலையில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்தே போய் வருவார். 32 அடி ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்தே தன் கழுத்து வலி போய்விட்டது என்பார். அந்த நடை நின்ற பிறகு, என் மகள்தான் பாட்டி கையில் ஒரு போனைக் கொடுத்து, கட்டைவிரலால் மேலே தள்ளக் கற்றுக்கொடுத்தாள். கோயில் அபிஷேகம், சிக்குக் கோலம், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கிராமத்தில் விறகடுப்பில் மீன் குழம்பு வைக்கும் பாட்டி, முப்பது விநாடிக்கு நறுக்கிய பழைய பாட்டு. அம்மா பார்த்தது இவ்வளவுதான். பிறகு வைத்தியர்கள் வந்தார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 340. மாத்திரை டப்பாவைத் திறந்து அட்டைகளை எண்ணினேன். ராத்திரி மாத்திரை மூன்று வாரமாகத் தொடப்படவே இல்லை. அதற்குப் பதிலாக ஏதோ ஓர் இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் ‘மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்’ என்று நாற்பது விநாடியில் சொல்லியிருக்கிறார்.

“எவனோ ஒருத்தன் சொன்னான்னு மாத்திரைய நிறுத்துவியாம்மா?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் சொன்னா நான் கேப்பேனாடி? ஒம்போது பேரு சொன்னாங்க. அதுல ரெண்டு பேரு லேடி டாக்டர்.”

இந்த ஒன்பது என்ற கணக்கு என்னைப் பல நாள் விடவில்லை. அம்மாவின் வாழ்க்கையில் ஒரு செய்தியைச் சரிபார்க்கும் முறை அதுதான். எதிர்வீட்டில் ஒன்று, கோயில் பிராகாரத்தில் ஒன்று, ரேஷன் கடை வரிசையில் ஒன்று என ஒரே விஷயத்தை ஒருவரையொருவர் அறியாத நாலு பேர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். எழுபது வருடம் அவருக்குச் சரியாக வேலை செய்த முறை. ஆனால் இந்தத் திரையில் வரும் ஒன்பது பேரும் தற்செயலாக வந்தவர்கள் இல்லை. முதல் வீடியோவில் அம்மாவின் கட்டைவிரல் சற்று நின்றது. எங்கே நிற்கிறது, எத்தனை விநாடி நிற்கிறது, திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறாரா என்பதெல்லாம் கணக்காகிறது. லைக் போட வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. நின்றால் போதும், அதே மாதிரி இன்னொன்று வரும், அதிலும் நின்றால் இன்னும் நாலு. ஒரே ஆளை ஒன்பது சட்டை மாற்றி வாசலில் நிறுத்தியதுபோல. மூட நம்பிக்கை என்றோ படிக்காதவர் என்றோ இதைச் சொல்லிவிட முடியாது. ஊர் வாய்க்கு இருந்த மதிப்பை ஒரு இயந்திரம் நகலெடுத்து விற்கிறது.

இருந்தும் போனைப் பிடுங்க நான் சம்மதிக்கவில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் பெண்ணுக்கென்று ஒரு பொழுதுபோக்கு வந்தபோதெல்லாம் அதற்கு அளவுகோலோடு ஒருவர் கூடவே வந்திருக்கிறார். நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அந்தக் காலத்தில்தான் திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். எழுதத் தெரியாமல் தன் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுத வைத்த பெண், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றைப் படித்த பெண்கள் எத்தனை பேர் அடுப்படியில் ஒளித்து வைத்துப் படித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை அரிசி டின்னுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாராம். “புஸ்தகம் புடிச்ச கை கரண்டி புடிக்காது” என்பது என் பாட்டியின் வாக்கு. பிறகு ரேடியோ வந்தது, டி.வி. வந்தது. ‘சித்தி’ தொடர் ஓடிய காலத்தில் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று ஊரில் எத்தனை ஆண்கள் புலம்பினார்கள்! அதே வீட்டில் ஐந்து நாள் கிரிக்கெட் டெஸ்ட் ஓடியபோது ஆறிப்போனது எதுவும் இல்லை. கிண்ணம் கிண்ணமாக சுண்டல் போனது.

குறுவீடியோவுக்கும் இந்தக் கதை உண்டு, நம் மாநிலத்திலேயே. 2019 பிப்ரவரியில் டிக்டாக்கைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு சட்டப்பேரவையில் எழுந்தது. ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வீடியோக்களைத் தொலைக்காட்சிகள் காட்டக் கூடாது என்றும் சொன்னது. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. அடுத்த ஆண்டு கல்வான் எல்லை மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் 29 அன்று, 58 மற்ற சீனச் செயலிகளோடு சேர்த்து டிக்டாக்கை மத்திய அரசே தடை செய்தது. நீதிமன்றம் கவலைப்பட்டது முக்கியமாகக் குழந்தைகளைப் பற்றி. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பேசப்பட்டது வேறு. பொம்பளைங்க ஆடுகிறார்கள், புருஷன் வேலைக்குப் போன பிறகு ஆடுகிறார்கள், கலாச்சாரம் போச்சு.

எங்கள் ஃபிளாட்டில் நாலு வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா மூவரசம்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறார். அவர் டிக்டாக்கில் இருந்தார். பழைய பாட்டுக்கு வாயசைப்பார். எங்கள் மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவில். ஆயிரத்துச் சொச்சம் பேர் அவரைத் தொடர்ந்தார்கள். “செயலி போச்சுன்னதும் எனக்கு அழுகை வந்துச்சுக்கா. நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னாங்க. வீட்ல யாரு நம்மள நிமிந்து பாக்கறா?” என்று ஒருமுறை பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். அந்த இடம் காலியாக இருக்கவில்லை. 2020 ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் வந்துவிட்டன. அக்கா மறுபடி போகவில்லை. “அதுல எல்லாம் படிச்சவங்க, அழகா வீடு வச்சிருக்கறவங்க. நம்ம சாக்கட ஓரத்த எங்க காட்றது?” என்றார். தடையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்று இல்லை.

ஆக, அளவு பேசுகிற ஆளைச் சந்தேகப்பட எனக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்தோடு நிறுத்திக்கொண்டால் அம்மாவின் 340-க்குப் பதில் இல்லை. தொடர்கதையும் குறுவீடியோவும் ஒன்று என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தொடர்கதைக்கு முடிவு இருந்தது. பக்கத்தின் அடியில் ‘தொடரும்’ என்று போட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை வரை காத்திருந்தே ஆக வேண்டும். அந்த ஒரு வாரத்தில் கதாநாயகி என்ன செய்வாள் என்று அம்மாவும் எதிர்வீட்டு மாமியும் சேர்ந்து ஊகித்தார்கள், சண்டையும் போட்டார்கள். டி.வி. தொடர்கூட அரை மணியில் முகத்தை உறைய வைத்துவிட்டு ‘தொடரும்’ போட்டது. அந்தச் சொல் விழுந்ததும் பெண்கள் எழுந்தார்கள். இப்போது கையில் இருக்கும் திரையில் அந்தச் சொல் இல்லை. பக்கம் முடியாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் உருவாக்கியவர் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர். அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அடுத்தது என்ன வரும் என்று தெரியாது. பத்துக்கு ஒன்று அருமையாக இருக்கும், எந்தப் பத்தில் என்பது தெரியாது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி ஒழிவதற்கு முன்னால் சுரண்டல் லாட்டரி என்று ஒன்று விற்றது நினைவிருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் அப்போதே தெரிந்துவிடும். தெரிந்ததும் இன்னொன்று வாங்கத் தோன்றும். கட்டைவிரல் செய்வது அதே வேலைதான். (சுரண்டல் என்ற பெயரை யார் வைத்தார்களோ, நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.)

அம்மாவுக்கு வழி தேடுவதற்கு முன்னால் என்னையே கவனித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கணக்கு எழுதுவது என் தொழில். நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன். எத்தனை நிமிடம் என்பதை போனே சொல்லிவிடும். நான் எழுதியது வேறு: வீடியோவைத் திறந்தபோது எதற்காகக் காத்திருந்தேன், எதற்காக மூடினேன்.

குக்கரின் மூன்றாவது விசிலுக்காக. பால் பொங்குவதற்காக. அம்மா குளித்துவிட்டுக் கூப்பிடுவதற்காக. மகள் ‘சாப்பாடு கட்டிட்டியா’ என்று கேட்பதற்காக. பழவந்தாங்கல் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக. மேலதிகாரி கையெழுத்துப் போட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புவதற்காக. கணவர் வந்ததும் தோசைக்கல் போடுவதற்காக. மூடிய காரணத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருந்தது: கூப்பிட்டார்கள்.

இரண்டாவது வாரம் இந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இதில் எதுவும் ஓய்வு நேரம் இல்லை. அடுத்த கூப்பாடு வரும்வரை நிற்கும் நேரம். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் என்று வந்தது. 2024-இல் திரும்ப எடுத்தபோது 289-ம் 88-ம். (வேலை செய்யும் ஆண்களின் சராசரி இது. எதுவுமே செய்யாதவர் இதில் வரவே மாட்டார்.) அந்த 289 நிமிடமும் ஒரே துண்டாக விழுவதில்லை. விடியலிலிருந்து ராத்திரிவரை சிதறிக் கிடக்கிறது. ஆகவே மிச்ச நேரமும் சிதறித்தான் கிடைக்கிறது, நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று. நாலு நிமிடத்தில் ஒரு நாவலைத் திறக்க முடியுமா? ஒரு சிநேகிதியைக் கூப்பிட்டு மனசுவிட்டுப் பேச முடியுமா? முப்பது விநாடி வீடியோவைப் பார்க்கலாம். பாதியில் எழுந்தாலும் நஷ்டமில்லை. குறுவீடியோ பெண்ணின் நாளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்துகிறது. எங்களுக்காக யாரும் தைக்கவில்லை என்றாலும்.

நோட்டில் ஒரே ஒரு நீளமான பதிவு தினமும் இருந்தது. இரவு 10.40 முதல் 11.50 வரை. எல்லோரும் தூங்கிய பிறகு. சீன மொழியில் இதற்கு ஒரு சொல் உண்டு, பழிவாங்குவதற்காகத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது என்று அர்த்தம். பகல் முழுக்க என் கையில் இல்லாத நேரத்துக்கு ராத்திரி பழிவாங்கல். அந்த எழுபது நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. அதில் கூப்பிட யாரும் இல்லை.

ஆனால் அந்த எழுபது நிமிடத்தில் திரை எனக்குக் காட்டியது என்ன? அதையும் எழுதினேன். காலை நாலரைக்கு எழுந்து மூன்று குழந்தைகளுக்கு மூன்று விதமான டிபன் பாக்ஸ் கட்டும் ஓர் அம்மா. கேரட்டில் பூ, பீட்ரூட் சாதத்தில் கரடி. ஃப்ரிட்ஜைக் கண்ணாடி டப்பாக்களாக அடுக்கும் ஒருவர். சிங்க்கை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பளபளக்க வைப்பவர். ஐந்து நிமிடத்தில் நவராத்திரி சுண்டல். புடவை மடிப்பு. முகச்சுருக்கம். எல்லாம் மெல்லிய இசையோடு, வியர்வை இல்லாமல், பாத்திரம் தேய்க்கும் காட்சி வெட்டப்பட்டு. நாளெல்லாம் வீட்டு வேலை செய்துவிட்டு, தூக்கத்தை விற்று வாங்கிய நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு பெண்ணின் வீட்டு வேலையை. அதுவும் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. மறுநாள் காலை எலுமிச்சை சாதத்தைக் கட்டும்போது அந்தக் கரடி மனசில் வந்து நிற்கிறது. 289-ஐ 290 ஆக்கும் பள்ளிக்கூடம் அது. அந்த வீடியோ எடுக்கும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாலரைக்கு எழுந்து சமைப்பதோடு கேமராவையும் நிமிர்த்தி வைக்க வேண்டும் அவருக்கு. சமையலுக்குக் கிடைக்காத பாராட்டு, சமையல் வீடியோவுக்காவது கிடைக்கிறது. சிலருக்குப் பணமும்.

மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் இதையே வேறு மாதிரி பார்க்கிறேன். கிண்டி தாண்டுவதற்குள் எல்லோர் கையிலும் திரை. முன்பு பூத் தொடுத்தார்கள், பூண்டு உரித்தார்கள், மாமியாரைத் திட்டினார்கள். இப்போதும் சிலர் பூண்டு உரிக்கிறார்கள், மடியில் போனை வைத்துக்கொண்டு. அதை வெறும் சீரழிவு என்று எழுதும் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பத்து மணி நேரம் நின்று துணி விற்கப்போகும் பெண் மாம்பலம் வரும்வரை சிரிக்கட்டும். விட முடியாமல் தவித்து, தூக்கமும் படிப்பும் போய்விட்டவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு அறிவுரை போதாது, வைத்தியம் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் அதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் சொன்னதை நான் செய்யவில்லை. அம்மாவிடமே கேட்டேன்: “உனக்கு இதுல என்னம்மா வேணும்?” எழுபத்தாறு வயதுப் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் உடனே பதில் வராது, கேட்டுப் பழக்கமில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னார். கோயில் வேண்டும். கோலம் வேண்டும். அந்த விறகடுப்புப் பாட்டி வேண்டும். “வைத்தியம் நான் கேக்கவே இல்லடி, அதுவா வந்துச்சு.”

அதுவா வந்துச்சு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டோம். யூடியூபில் அவர் இதுவரை பார்த்ததன் பதிவு எல்லாவற்றையும் அழித்து, இனிப் பதிவாகாதபடி நிறுத்தினோம். அப்படிச் செய்தால் முகப்பில் பரிந்துரைகள் வராது, வெறுமையாக நிற்கும். முதல் நாள் அம்மா “போன் ரிப்பேரு” என்றார். பிறகு மகள் மைக் படத்தைத் தொட்டு வாயால் கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். “மார்கழிச் சிக்குக் கோலம் பதினஞ்சு புள்ளி” என்று கணீரென்று கேட்பார், கடைக்காரரிடம் கேட்பதுபோல. கேட்டதைப் பார்ப்பார். கேட்கத் தோன்றாதபோது வைத்துவிடுவார். வைத்தியம் பேசும் வீடியோ எங்கிருந்தாவது வந்துவிட்டால் எனக்கு அனுப்ப வேண்டும், நான் எங்கள் தெரு டாக்டரிடம் காட்டுவேன் என்பது ஒப்பந்தம். இதுவரை பதினொன்று அனுப்பியிருக்கிறார். டாக்டர் நல்ல மனுஷி. பதினோராவதைப் பார்த்துவிட்டு, “உங்க அம்மா என்னைவிட அப்டேட்டா இருக்காங்க” என்றார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத முடியாது. பக்கத்து ஃபிளாட் மாமி வந்தால் அவர் போனில் இருவரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். சேர்ந்து தள்ளட்டும். இரண்டு பேர் பார்த்தால் நடுநடுவே பேச்சு வருகிறது, யாராவது ஒருவருக்குக் காபி நினைவு வருகிறது, அதுவே ‘தொடரும்’ போட்டுவிடுகிறது. தினம் எட்டு மணி நேரம் தனியாக உட்காரும் ஒருவருக்கு நிமிடக் கணக்கு வைப்பதைவிட, வீல்சேர் போகும்படி ஒரு நடைபாதையும் உட்கார ஒரு பெஞ்சும் தெருவில் இருந்தால் அதிகம் உதவும். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் மழைக்கு மழை நிற்கும் தண்ணீரைத் தாண்டிப் போகும் ஊரில் அதை யாரிடம் கேட்பது என்பது தனிக் கட்டுரை.

எனக்கு நான் வைத்துக்கொண்டது நிமிட வரம்பு இல்லை. செயலிகளே தரும் நினைவூட்டல் ஒன்று உண்டு. இன்றைக்குப் போதும் என்று சொல்லும், ஒரு தட்டுத் தட்டினால் விலகி வழிவிடும். வாசலில் நின்று ‘உள்ளே வராதீர்கள், வந்தாலும் பரவாயில்லை’ என்கிற காவலாளி. அதை நம்பவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரே துண்டாக, யாரும் கூப்பிடாத நேரம். சனிக்கிழமை மதியம் 2 மணி முதல் 6 மணி வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். எங்கே என்று கேட்டார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனி இடம் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி கிடைத்துவிடும். “அங்க போய் என்ன பண்ணப் போற?” என்றார் கணவர். “உக்காரப் போறேன்” என்றேன். முதல் இரண்டு சனிக்கிழமை காபித்தூள் எங்கே, அம்மாவின் சாயங்கால மாத்திரை எது என்று ஏழெட்டு முறை போன் வந்தது. மூன்றாவது வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டிவிட்டுப் போனேன். இப்போது ஒன்றோ இரண்டோதான் வருகிறது. இரவு 10.40 பதிவு தானாகவே சுருங்கியது. முழுக்கப் போகவில்லை. சில நாள் அந்த டிபன் பாக்ஸ் அம்மாவை எட்டிப் பார்க்கிறேன், தெரிந்தவர் வீட்டைப் பார்ப்பதுபோல. கரடி மட்டும் கட்டுவதில்லை.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பரீட்சைக்கு முன் செயலியை நீக்குவாள், கடைசித் தாள் எழுதிய கையோடு பஸ்ஸிலேயே மறுபடி ஏற்றுவாள். பெரியாரையும் மாதவிடாய்க் கோப்பையையும் அவள் முதலில் அறிந்தது ரீல்ஸில்தான். அதே திரையில்தான் அவள் வயதுப் பெண் ஒருத்தி முழங்கை கறுப்பாக இருப்பதற்காக அழுவதையும் பார்த்தாள். அவளிடம் அளவு பற்றி நான் பேசவில்லை, நோட்டை மட்டும் காட்டினேன். முழுவதும் படித்தாள்.

“அம்மா, இதுல நீ இருக்க, பாட்டி இருக்காங்க, கடைசிப் பக்கத்துல நானும் இருக்கேன். அப்பா எங்க?”

நோட்டை வாங்கி, புதுப் பக்கத்தில் கோடு போட்டு அப்பா என்று தலைப்பு எழுதினாள். இரண்டு வாரம் அவள்தான் எழுதினாள். சோபா, இரவு 8.10, விக்கெட் விழும் துண்டுகள், மூடிய காரணம்: தோசை வந்தது. சோபா, 8.55, இரண்டு கட்சிக்காரர்கள் சண்டை, மூடிய காரணம்: சார்ஜ் தீர்ந்தது. கழிவறை, காலை 6.30, இருபத்தைந்து நிமிடம், மூடிய காரணம்: பாட்டி கதவைத் தட்டினார். ‘கூப்பிட்டார்கள்’ என்ற சொல் அந்தப் பக்கங்களில் ஒருமுறைதான் வருகிறது, அது கேஸ் சிலிண்டர் வந்த அன்று.

பதினைந்தாம் நாள் நோட்டை டைனிங் டேபிளில் அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆடிட் ஃபைலைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டார்:

“இதுல நியூஸ் பாக்கறதும் சேருமா?”

“சேரும்ப்பா” என்றாள்.